சீர் முறுக்கில் புல்தைலம்

கொச்சியில் உள்ள எங்கள் உறவுக்காரர்களின் கல்யாணம் எதற்குப் போனாலும், பந்தியில் முறுக்கு பரிமாறும் நேரத்தில் யாராவது ஒருவர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுகிறார். "தரை துடைக்கிற எண்ணெயில பலகாரம் சுட்ட ஆளு இவருதான்" என்று புது மருமகன்களுக்கு என்னை அறிமுகம் செய்யும் வழக்கமும் இருக்கிறது. வேதியியலில் முதுகலைப் பட்டம் பெற்று, ஓய்வு பெறும்வரை ஒரே நிறுவனத்தில் வேதியியலாளனாக மரியாதையோடு இருந்தவனுக்கு இது தகுந்த அறிமுகம் அன்று. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன். நான் சொன்னது கிராம்புத் தைலம். சேர்ந்தது புல்தைலம். சேர்த்தவர் என் சித்தப்பா. இந்தச் செய்தியை மனத்தில் வாங்கிக்கொண்டு வாசகர் இத்துடன் எழுந்து போய்விட்டாலும் எனக்கு மனக்குறை இல்லை.

எழுபதுகளின் பிற்பகுதி. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், ஒரு தைல ஏற்றுமதி நிறுவனத்தின் கிடங்குக்கு மேலே என் சோதனைச்சாலை. மலைப்பகுதிகளில் எலுமிச்சைப்புல்லை அறுத்துக் காய்ச்சி வடித்த தைலம் பீப்பாய்களில் அங்கே வந்து இறங்கும். மலையாளத்தில் அதற்குப் புல்தைலம் என்று பெயர். மட்டாஞ்சேரித் தமிழர்களான நாங்களும் அப்படியே சொல்லிவிடுவோம். அந்தத் தைலத்தின் மதிப்பு முழுவதும் சிட்ரால் என்ற பொருளில் இருக்கிறது. நீண்ட கழுத்துள்ள குடுவையில் தைலத்தையும் பைசல்ஃபைட் கரைசலையும் விட்டுக் குலுக்கினால், சிட்ரால் கரைசலோடு போய்விடும். மற்ற எண்ணெய் மட்டும் கழுத்தில் ஏறி நிற்கும். அதை அளந்து, இது நல்ல சரக்கு, இது மண்ணெண்ணெயைக் கலந்த அயோக்கியனின் சரக்கு என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை. என் தீர்ப்பை எதிர்த்து யாரும் மேல்முறையீடு செய்ததில்லை.

நல்ல தைலம் கப்பலேறிச் சோப்பாகவும் அத்தராகவும் மாறும். மிஞ்சியது கேரளத்தின் தரைக்கு. சிட்ராலுக்குப் பூஞ்சையைக் கண்டால் ஆகாது; பாக்டீரியாவையும் அது லேசில் விட்டுவைப்பதில்லை. ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்காகக் காத்திராமல் கேரளத்தார் அதை வாளித் தண்ணீரில் கலந்து ஊரெல்லாம் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சினிமாக் கொட்டகையின் கழிப்பறை, கோயில் பிராகாரம் எல்லாவற்றுக்கும் ஒரே மணம். கடவுளும் கழிப்பறையும் ஒரே வாளியில் சுத்தமாகும் ஊர் எங்களுடையது.

எங்கள் வீட்டில் அந்த மணம் சற்றுக் கூடுதல். சோதனைக்கு வந்த மாதிரிக் குப்பிகளில் மிஞ்சியது என் கைப்பையில் வீடு வந்து சேரும். அம்மா துளிக்கணக்கு பார்க்கும் பழக்கம் இல்லாதவர், ஊற்றுவார். என் சட்டை, தலையணை, சுவரில் மாட்டியிருந்த காலண்டர் முருகன் உட்பட எல்லாம் அதே மணம். ஆண்டுக்கணக்கில் ஒரே வாசனையில் இருந்தால் மூக்கு அதைப் பொருட்படுத்துவதை நிறுத்திவிடும். இது உடலியல். எங்கள் குடும்பத்தின் தனிப்பட்ட குறை என்று பேசித் திரிபவர்களுக்கு உடலியல் தெரியாது.

இனி சீருக்கு வருகிறேன். எங்கள் முன்னோர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஊரை விட்டு வந்தார்களே தவிர, சீர்ப் பலகாரத்தை விட்டு வரவில்லை. முறுக்கும் அதிரசமும் முந்திரிக்கொத்தும் பெண் வீட்டில் சுட்டு எடுத்துப் போக வேண்டும். கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டு நடுக்கூடத்தில், இரு பக்கத்து உறவும் சுற்றி நிற்க, பாத்திரங்களைத் திறப்பார்கள். அந்த வீட்டின் மூத்த பெண்மணி முதல் வாய் கடித்துப் பார்ப்பார். அவர் தலையசைத்தால் விநியோகம். அசைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை என் அக்காளின் கல்யாணத்தில் நாங்கள் கண்டோம்.

அக்காளின் கல்யாணம் ஆனி மாதத்தில் நடந்தது. கொச்சியில் ஆனி என்றால் சுவருக்கும் வியர்க்கும். தேங்காயெண்ணெயில் சுட்ட முறுக்கு போய்ச் சேர்வதற்குள் சிக்கு வாடை அடித்தது. அதிரசத்தின் மேல் பச்சையாகப் பூஞ்சை. அக்காளின் மாமியார் ஒரு வாய் கடித்துத் துப்பிவிட்டு, அத்தனையையும் எருமைத் தொட்டியில் கொட்டச் சொன்னார். எருமை தின்றதா என்பதில் இரண்டு கட்சிகள் உண்டு. அதுவும் தின்னவில்லை என்பது மாமியார் கட்சி. அதற்குப் பிறகு அந்த வீட்டில் குழம்பில் உப்புக் கூடினாலும், குழந்தைக்குச் சளி பிடித்தாலும், பேச்சு கொச்சி முறுக்கிலிருந்தே தொடங்கும். அக்காள் ஊருக்கு வரும்போதெல்லாம் அடுக்களையில் உட்கார்ந்து அழுவாள்.

அடுத்தது என் தங்கை. அப்பா அதற்குள் காலமாகியிருந்தார். பொறுப்பு என் தலையில். மாப்பிள்ளை வீடு தென்காசிப் பக்கம். கல்யாணம் மறுபடியும் ஆனியில். ஜோசியருக்கு வானிலை ஒரு பொருட்டில்லை. மாப்பிள்ளையின் தந்தைக்கு மூத்த தமக்கை ஒருவர் அந்த வீட்டை ஆண்டுகொண்டிருந்தார். எல்லோரும் அவரைப் பெரியத்தை என்றே அழைத்தார்கள். நிச்சயதார்த்தம் முடிந்து வெற்றிலைத் தட்டோடு நின்ற என்னிடம் அவர் வந்தார்.

"தம்பி எம்மெஸ்ஸி படிச்சிருக்காம்லா?"

ஆமென்றேன், அடக்கமாக.

"நல்லது. எங்க வீட்டுலயும் ஒரு எருமை நிக்குது." அக்காளின் முறுக்குக் கதை தென்காசிவரை போயிருந்தது.

ஊர் திரும்பிய அன்றே தங்கை என்னை மடக்கினாள்.

"அண்ணே, அந்த அம்மா சொன்னது காதுல விழுந்துச்சா?"

"விழுந்தது."

"அக்கா மாதிரி நான் மூலையில உக்காந்து அழ மாட்டேன், கேட்டுக்கிடுங்க. பலகாரம் கெட்டுப் போச்சுன்னா வந்த வண்டியிலயே திரும்பி வந்து உங்க லேபுல பாய் விரிச்சிருவேன். ஆயுசுக்கும் எனக்குச் சோறு போடணும்."

"கெடாது."

"யாரு கேரண்டி?"

"நான்" என்றேன். அந்தச் சொல்லைச் சொன்னபோது என் பட்டத்தின் முழுக் கனமும் அதில் இருந்தது.

மறுநாள் அடுக்களையில் ஆலோசனை கூடியது. அம்மா, தங்கை, நான், அழைக்காமலே வந்த சித்தப்பா. அப்பாவின் தம்பியான இவர் வெலிங்டன் தீவில் சரக்கு இறங்கும்போது மூட்டை எண்ணும் வேலையில் இருந்தார். எண்ணுவது தவிர மற்ற எல்லாவற்றிலும் அவருக்கு அபிப்பிராயம் உண்டு.

நான் விளக்கினேன். எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதற்குக் காரணம் காற்றிலுள்ள ஆக்ஸிஜன். அது எண்ணெயோடு கூடாத உறவு கொள்கிறது. ஒரு மூலக்கூறு கெட்டால் பக்கத்து மூலக்கூறையும் கெடுக்கிறது. இப்படியே தெரு முழுக்கப் பரவுகிறது. கிராம்பில் யூஜினால் என்றொரு பொருள் இருக்கிறது. அது நடுவில் புகுந்து தன்னிடமுள்ள ஹைட்ரஜனைக் கொடுத்து, அந்தத் தொடர்ச்சியை அறுத்துவிடும். கெடுவது யூஜினால், தப்புவது எண்ணெய். பூஞ்சையையும் அது வளரவிடாது.

"அப்போ கிராம்பு தீக்குளிக்குதுன்னு பறை" என்றார், மலையாளம் கலந்தே பேசும் சித்தப்பா.

"நல்ல காரியம் பேசுத இடத்துல தீக்குளிக்குதாம்" என்று அம்மா அதட்டினார். "வாயைக் கழுவும் கொழுந்தனாரே."

"மைனி, நான் கேக்கதுல எந்தா தப்பு? பல்லுவலிக்கு வைக்குத சாதனத்தெ முறுக்குல வச்சா, மாப்ளை வீட்டுக்காரனுக்கு நாக்கு மரத்துப் போவாதா?"

"நாக்கு மரத்தா நமக்கு நல்லதுதான்" என்றாள் தங்கை.

என் ஏற்பாடு திட்டவட்டமானது. கொதிக்கும் எண்ணெயில் தைலத்தை விட்டால் ஆவியாகப் போய்விடும். ஆகவே மாவு பிசையும்போதும் பாகு காய்ச்சும்போதும் கிராம்புத் தூள் கொஞ்சம் சேர்க்க வேண்டும். சுட்டு ஆறியதும் தகர டின்களில் அடுக்கி, ஒவ்வொரு மூடிக்கும் அடியில் கிராம்புத் தைலம் ஒரு துளி தொட்ட துணியைச் செருகி, காற்றுப் புகாமல் அடைக்க வேண்டும். நிறுவனத்து மானேஜரிடம் வாய்விட்டுக் கேட்டு, நல்ல கிராம்புத் தைலம் சிறு குப்பியில் வாங்கி வந்து அம்மாவிடம் கொடுத்தேன். மாவும் பாகும் என் மேற்பார்வையில் நடந்தன. டின்களை அடைக்கும் நாளில் ஒரு கப்பல் துறைமுகத்தில் காத்து நின்றதால் நான் சோதனைச்சாலையை விட்டு அசைய முடியவில்லை. அடைக்கும் பொறுப்பைச் சித்தப்பா தானாகவே எடுத்துக்கொண்டார். மாலையில் வீடு திரும்பியபோது எல்லா டின்னும் மூடி, கயிறு கட்டி, மஞ்சள் தடவித் தயாராக இருந்தன. வீடு வழக்கம்போல மணத்தது. அதாவது, எங்களுக்கு எதுவும் மணக்கவில்லை.

மழையில் டின்களைப் படகில் ஏற்றி எர்ணாகுளம் கொண்டு போய், கொல்லம் போகும் ரயிலில் ஏறினோம். காற்றும் மழையும் அடித்த படகில் அருகே வைப்பின் தீவிலிருந்து வந்த மீன்கூடைகளின் வாடைதான் ஆட்சி செய்தது. ரயிலில் சாரலுக்காகச் சன்னல்களை இழுத்து மூடினார்கள். எதிரே உட்கார்ந்திருந்த மலையாளி ஒருவர் மூக்கைச் சுருக்கினார். பெஞ்சுக்கு அடியில் இருந்த டின்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எந்தா சேட்டா, ஆசுபத்திரி சாதனங்களாணோ?"

"கல்யாணப் பலகாரம்" என்றேன், இயன்ற அளவு கண்ணியத்துடன்.

அவர் தன் பையை எடுத்துக்கொண்டு வேறு பெட்டிக்குப் போனார். அவருடைய மனைவி போகும்போது என் தங்கையை இரக்கத்தோடு பார்த்தாள்.

வீட்டை விட்டுச் சில மணி நேரம் விலகியிருந்ததில் எங்கள் மூக்குகளும் மெல்லப் பிழைத்துக்கொண்டிருந்தன. முதலில் உணர்ந்தவள் தங்கை. குனிந்து ஒரு டின்னின் மூடியை மோந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் நிறம் இல்லை.

"சித்தப்பா, டின்னுக்குள்ள என்ன வச்சிய?"

சித்தப்பா சன்னல் வழியாக எதையோ பார்க்க முயன்றார். சன்னல் மூடியிருந்தது.

"கிராம்புத் தைலம் எங்கே?" என்று கேட்டேன்.

"ஏல, ஒரு வாரமா எனக்கு உறக்கமில்ல. கடைவாய்ப் பல்லு அந்த மாதிரி வேதனை. பஞ்சுல தொட்டுத் தொட்டு வச்சதுல குப்பி தீந்து போச்சு."

"முழுக் குப்பியுமா?"

"பல்லு பெரிய பல்லாக்கும்."

"அதனால?"

"அதனால எந்தா? வீட்டுல புல்தைலம் இருக்கு. தரையில பூச்சி வராதுன்னா டின்னுல மாத்திரம் வருமா? உள்ள நல்லாத் தொடச்சு, துணியையும் நனைச்சு வச்சேன்."

"துளி தொட்டு வைக்கணும்னு சொன்னேனே."

"கிராம்புக்குத் துளி. இது புல்லு தானே. புல்லுக்கு எதுக்கு கணக்கு?"

ஒரு டின்னைத் திறந்து முறுக்கை எடுத்துக் கடித்தேன். சோதனைச்சாலையில் நிற்பதாகப் பாவித்துக்கொண்டு முடிவுகளைக் குறித்துக்கொண்டேன். மொறுமொறுப்பு: குறைவில்லை. சிக்கு வாடை: இல்லை, கிராம்புத் தூள் தன் கடமையைச் செய்திருந்தது. பூஞ்சை: அதிரசத்தில் தேடியும் கிடைக்கவில்லை, சிட்ராலின் ஆவி மூடிய டின்னுக்குள் நின்று அதை ஒழித்திருந்தது. அறிவியல் முழு வெற்றி. ருசி: ஆஸ்பத்திரி வராந்தாவைக் கடித்தது போல.

"நான் அடுத்த ஸ்டேஷன்ல இறங்கிருதேன்" என்றாள் தங்கை.

அம்மா கண்ணை மூடிக் குலதெய்வத்தைக் கூப்பிட ஆரம்பித்தார். புல்தைலத்தைக் கடுகளவும் அறியாத அந்தத் தென்பாண்டித் தெய்வம் என்ன செய்ய முடியும் என்று நான் நினைத்தேன். அந்த நினைப்பு தவறு என்பது விரைவில் தெரிந்தது. அதன் அறியாமைதான் எங்களைக் காப்பாற்றியது.

கொல்லத்தில் செங்கோட்டை வண்டிக்கு மாறினோம். மூடிகளைத் திறந்துவைத்தோம், துணிகளை வெளியே எறிந்தோம், பயனில்லை. மாவுப் பண்டத்தில் ஏறிய மணம் எளிதில் இறங்காது. மலை ஏறும்வரை பெட்டியில் வந்தவர்கள் எல்லோரும், யாருக்கு உடம்பு சரியில்லை என்று அம்மாவிடம் விசாரித்தார்கள். வண்டி மலையைக் குடைந்த குகைப்பாதையைக் கடந்து கிழக்கே இறங்கியது. மழை நின்றது. செங்கோட்டையில் ஒரு பெண் கைக்குழந்தையோடும் இன்னொரு சிறுமியோடும் ஏறி எங்கள் எதிரில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் மூக்கை நிமிர்த்தினாள். நாங்கள் தலை குனிந்தோம்.

"ஆத்தாடி, என்னம்மா மணக்குது! எலுமிச்சம்பழ மிட்டாயா?"

நால்வரும் ஒரே சமயத்தில் தலை நிமிர்ந்தோம்.

"முறுக்கு" என்றாள் தங்கை, எச்சரிக்கையாக.

"முறுக்கா? இப்படி மணக்குமா? சின்னவளுக்கு ஒண்ணு குடுங்களேன்."

சிறுமி தின்றாள். இன்னொன்று கேட்டாள். அவளுடைய தாயும் ஒன்று தின்று, எந்தக் கடையில் வாங்கியது என்று விசாரித்தாள். சித்தப்பா மார்பை நிமிர்த்திக்கொண்டார்.

"பாத்தியால? மலைக்கு அந்தாண்ட ஆசுபத்திரி. இந்தாண்ட மிட்டாயி. நான் செஞ்சது எது தப்பு?"

எனக்கு விஷயம் விளங்கியது. கிழக்கே தரைக்குப் பினாயில்தான். அங்கே யாரும் இந்த மணத்தைத் தரையோடு சேர்த்து அறிந்ததில்லை. மூக்கு வெறும் வாசலே. தீர்ப்பைச் சொல்வது ஊர்ப் பழக்கம். இதை நான் பெட்டியில் அனைவருக்கும் விளக்க முற்பட்டேன். தங்கை கையை உயர்த்தித் தடுத்தாள்.

"அண்ணே, நீங்க பேச வேண்டாம். சித்தப்பா, நீங்க மூச்சே விட வேண்டாம். அங்க கேட்டா நான் சொல்லிக்கிடுதேன்."

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. கல்யாணங்கள் பொதுவாக நடந்துவிடும். பிறகு மாப்பிள்ளை வீட்டு நடுக்கூடத்தில் டின்களை வரிசையாக வைத்தோம். கூடம் நிறைய உறவு. கொல்லைப்புறத்தில் எருமை கத்தியது. பெரியத்தை மணையில் அமர்ந்து முதல் டின்னைத் தானே திறந்தார். குனிந்தவர் உடனே நிமிரவில்லை. ஒரு முறுக்கை எடுத்து இரு பக்கமும் திருப்பிப் பார்த்தார். கடித்தார்.

"இது என்ன மணம்?"

நான் வாயைத் திறந்தேன். தங்கையின் முழங்கை என் விலாவில் பட்டது. அவள் புது மணப்பெண்ணுக்குரிய குனிந்த தலையோடு சொன்னாள்:

"கொச்சிப் பக்குவம் அத்தை. அங்க பெரிய பெரிய இடத்துல எல்லாம் இந்த மணம்தான் இருக்கும்."

அதில் பொய் ஒரு சொல்லும் இல்லை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும்.

பெரியத்தை அதிரசத்தைப் பிட்டு உள்ளே பார்த்தார். விரலால் தடவிப் பார்த்தார். "பூசணம் இல்ல. சிக்கு இல்ல" என்று யாருக்கோ சாட்சி சொல்வது போலச் சொன்னார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "எருமைக்கு இன்னிக்குப் பட்டினிதான்" என்றார்.

தலை அசைந்தது. விநியோகம் தொடங்கியது. சித்தப்பா என் காதருகே வந்து, "உன் கிராம்பு இருந்திருந்தா இந்தப் பேரு வந்திருக்குமால?" என்றார். சம்பந்தி வீட்டில் சித்தப்பாவை அடிப்பது முறையாகாது என்பதால் நான் கையைக் கட்டிக்கொண்டேன்.

அந்தத் தலைதீபாவளிக்கு மறுபடியும் அதே முறுக்கு வேண்டுமென்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்கள். நான் நேர்மையாகக் கிராம்பு மட்டும் சேர்த்து அனுப்பினேன். "இந்தத் தடவை பக்குவம் தவறிருச்சு" என்று பெரியத்தை முகம் சுளித்ததாகத் தங்கை வந்து சொன்னாள். "அண்ணே, உங்க படிப்பை வேற எங்கயாவது காட்டுங்க. எனக்கு அந்த மணம் வேணும். அது இருக்கிற வரைக்கும் எனக்கு அந்த வீட்டுல ராஜ மரியாதை." ஆகவே அடுத்த ஆண்டிலிருந்து நானே தேர்ந்தெடுத்த, மண்ணெண்ணெய் தீண்டாத, சிட்ரால் மிகுந்த தைலத்தைத் துணியில் ஒரு துளி மட்டும் தொட்டு வைத்தேன். செய்வது எதுவானாலும் தரமாகச் செய்ய வேண்டும். பெரியத்தை அதைத் தெருவெல்லாம் கொடுத்துப் பெருமை பேசினார். கோயில் அர்ச்சகர் வீட்டுக்கும் போனது. அவர் அதைச் சாமிக்கு வைத்ததாகவும் கேள்வி. சாமி தரப்பிலிருந்து புகார் எதுவும் வரவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் தங்கை தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பள்ளுருத்தி போகும் வழியில் இருந்த ஓர் ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை பிறந்தது. பேரனைப் பார்க்கப் பெரியத்தையே நேரில் வரப்போவதாகத் தகவல் கிடைத்ததும் எங்கள் வீட்டில் போர்க்கால நடவடிக்கைகள் தொடங்கின. புல்தைலக் குப்பிகள் என் சோதனைச்சாலைக்கு நாடு கடத்தப்பட்டன. வீடு முழுவதும் பினாயில் ஊற்றிக் கழுவினோம். பினாயில் நாற்றம் தாங்காமல் அம்மா தலைவலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டார். வீட்டை மாற்றிவிடலாம், ஆஸ்பத்திரியை என்ன செய்வது? நான் நேரே போய் அங்கிருந்த நர்ஸிடம், ஒரே ஒரு நாள் தரைக்குப் பினாயில் போட முடியுமா என்று கேட்டேன்.

"அதெந்தா சார், புல்தைலம் பிடிக்கில்லே?" என்று அவர் வியந்தார். "சாரல்லே புல்தைலத்தின்றெ ஆளு?"

புல்தைலத்தின் ஆள் நான்தான் என்ற புகழ் அவ்வளவு தூரம் பரவியிருந்தது எனக்கு மகிழ்ச்சி தந்திருக்க வேண்டும், தரவில்லை.

தங்கை படுக்கையில் இருந்தபடியே சொன்னாள்: "தெரிஞ்சா தெரியட்டும் அண்ணே. ஆனா ஒண்ணு. இது தெரிஞ்சா அக்கா கதை ஒண்ணுமே இல்லன்னு ஆயிரும். தரைத்தண்ணியக் குடுத்து எங்களை ஏமாத்துனவளேன்னு என் பேரப்புள்ளை காலம்வரைக்கும் சொல்லுவாங்க." அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் குழந்தையைப் பிடித்திருந்த கை இறுகியிருந்தது.

பெரியத்தை வந்தார். வெளி வாசலில் மழையும் சேறும். உள்ளே காலெடுத்து வைத்ததும் நீண்ட வராந்தா. நடுவே ஒரு பெண் வாளியைச் சாய்த்துத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பெரியத்தையின் நடை மெதுவானது. பிறகு நின்றது. மூக்கு ஒரு முறை மேலே போயிற்று. துடைக்கும் பெண் மடியிலிருந்து குப்பியை எடுத்து, வாளியில் சில துளிகளைச் சிந்தினாள்.

"இது என்னம்மா?" என்று பெரியத்தை கேட்டார்.

"புல்தைலம் அம்மச்சி. ரோக அணுக்களெல்லாம் சாவும்."

பெரியத்தை கையை நீட்டிக் குப்பியை வாங்கினார். மோந்து பார்த்தார். சித்தப்பா, சாயா குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போனார். குப்பியோடு பெரியத்தை அறைக்குள் நுழைந்தார், பின்னால் நான். தங்கை அவர் கையைப் பார்த்தாள். எல்லாம் அந்த ஒரு பார்வையிலேயே பேசப்பட்டுவிட்டது.

"ஏட்டி, பெரிய பெரிய இடம்னியே. இதானா அந்தப் பெரிய இடம்?"

"ஆமா அத்தை. நிறைய கட்டில் இருக்கு" என்றாள் தங்கை.

"தரைக்கு ஊத்துததையாட்டி எங்களுக்கு ஊட்டுன?"

"முதல் தடவை கை தவறி விழுந்துச்சு. அப்புறம் எல்லாம் நீங்க கேட்டு வாங்கித் தின்னது. நல்ல முறுக்கு அனுப்புனோம், பக்குவம் தவறிருச்சுன்னிய. யாருக்காவது ஒரு நாள் வயித்தால போச்சா, சொல்லுங்க."

பெரியத்தை ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்து நான் கதவைச் சாத்தினேன். அவர் கத்தவில்லை. குரலைத் தாழ்த்தினார்.

"தாசில்தார் வீட்டுக்குக் குடுத்தேன்டி. அர்ச்சகருக்குக் குடுத்தேன்."

"தெரியும் அத்தை."

"உனக்குத் தெரியாதது ஒண்ணு இருக்கு." அவர் சன்னல் பக்கம் பார்த்தார். "தெருவுல கேட்டவளுகட்ட எல்லாம் என் பக்குவம்னு சொல்லி வச்சிருக்கேன். நான்தான் உங்களுக்குச் சொல்லிக் குடுத்தேன்னு."

தங்கை சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டாள். தையல் போட்ட வயிறு வேறு.

"அப்ப அது உங்க பக்குவம்தான் அத்தை. நாங்க எதுக்கு வாயத் திறக்கப் போறோம்?"

பெரியத்தை அவளை நெடுநேரம் பார்த்தார். ஒரு கெட்டிக்காரி இன்னொரு கெட்டிக்காரியை அளக்கும் பார்வை அது. என் குடுவையில் அதற்கு அளவுகோல் கிடையாது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எம்மெஸ்ஸி தம்பி, இது வயித்துக்கு ஆகுமா ஆகாதா? படிச்சதை மறக்காம சொல்லும்."

எனக்குரிய நேரம் ஒருவழியாக வந்தது. எலுமிச்சைப்புல்லைக் கொதிக்கவைத்துக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள் என்றும், சுத்தமான தைலம் துணியில் ஒரு துளி அளவில் தீங்கு செய்யாது என்றும், பூஞ்சையைத் தடுப்பதில் சிட்ராலும் சிக்கு வாடையைத் தடுப்பதில் யூஜினாலும் ஒன்றுக்கொன்று துணை என்றும், தரைக்கு வரும் மலிவுச் சரக்கை மட்டும் வாயில் வைக்கக் கூடாது என்றும் விளக்கினேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். என் வாழ்நாளில் என் பாடத்தை முழுவதுமாகக் கேட்ட ஒரே உறவுக்காரர் அவர்தான். இன்று அவர் இல்லை. இருந்திருந்தால் இதை எழுத எனக்குத் துணிவு வந்திருக்காது.

"திடீர்னு மணம் நின்னு போனா ஏன்னு கேப்பாளுக" என்றார். "ஊருக்குப் போகும்போது எனக்கு ஒரு குப்பி குடும். தரைக்கு உள்ளது வேண்டாம், கப்பல்ல போறது. இனிமே நானே தொட்டு வச்சுக்கிடுதேன். உங்க சித்தப்பா கை ரொம்ப தாராளம்."

அவர் புறப்பட்ட அன்று, நானே சோதித்து வடிகட்டிய தைலத்தைக் குப்பியில் அடைத்துக் கொடுத்தேன். வாங்கிப் புடவை மடிப்புக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டினார். பிறகு ஒரு சமயம், அந்த வீட்டில் தங்கையின் நாத்தனார் ஒருத்தி கொச்சிக்காரர்களின் அடுக்களையைப் பற்றி ஏதோ குத்தலாகச் சொல்லத் தொடங்கினாளாம். பெரியத்தை வெற்றிலையை மென்றபடி, "நீ சும்மா இருட்டி. அவ பக்குவம் உனக்கு வருமா?" என்று அடக்கிவிட்டாராம்.